புது வண்டி அப்படித்தான் பிடிக்கும்

போயம்பாளையம், திருப்பூர்
8-9-2024

அண்ணா,

அம்மாவுக்குக் கால் வீக்கம் வத்திருச்சு. எனக்கு ஒரு வாரமா சளி, மத்தபடி ஒண்ணுமில்லை. அந்த உயரத்துல படியேறினாலே மூச்சு வாங்குதுன்னு எழுதியிருந்தியே, இப்பப் பழகிருச்சா? பட்டாளத்துல போனை வாங்கி வெச்சுக்கிட்டு உங்களை மலைமேல அனுப்பினாலும் அனுப்பினாங்க, நான் இங்க இந்த வயசுல ஸ்டாம்ப் ஒட்டக் கத்துக்கிட்டேன்.

என் நிச்சயம் நல்லபடியா முடிஞ்சுது. பெரியப்பா வெள்ளகோவில்ல இருந்து ஒரு வேன் நிறைய ஆளைக் கூட்டிட்டு வந்து, அப்பா இருந்தா எப்படியோ அப்படி முன்னாடி நின்னு எல்லாம் செஞ்சார். மாசி மாசம் கல்யாணம். மண்டபம் சொல்லியாச்சு. மாப்பிள்ளையா உக்காந்த உன் பிரெண்டு முருகேஷ் நீ வரலைன்னு நாலு தடவை வருத்தப்பட்டார்.

போன ஞாயித்துக்கிழமை அவர் புது வண்டி பாக்கப் போறேன்னு என்னையும் கூப்பிட்டார். "பின்னாடி உக்காரப் போறது நீங்கதானுங்க, நீங்களே வந்து பாத்துச் சொல்லுங்க"ன்னார். அம்மா போயிட்டு வான்னு சொல்லுச்சு.

அந்த மாதிரி வண்டியை ரோட்டுல பாத்திருக்கேனே தவிர தொட்டதில்லை. ரேஸ் வண்டி. ஹேண்டில் முன் சக்கரத்துக்குப் பக்கத்துல எங்கேயோ கீழே கிடக்கு. ஓட்டறவர் டேங்க் மேல கவுந்துக்கறார். பின்னாடி சீட்டுன்னு சொல்ல ஒண்ணுமில்லை. மணைப்பலகை அகலத்துக்கு, அவர் தோள் உயரத்துல, முன்னாடி சரிஞ்சாப்பல ஒரு திண்டு. பிடிச்சுக்கக் கம்பி கிடையாது. ஒரு பக்கமா உக்கார முடியாது. ஷோரூம்ல குடுத்த ஹெல்மெட்ல ஊர்ல இருக்கற அத்தனை பேர் தலை எண்ணெயும் வேர்வையும் ஊறிக் கிடந்துச்சு. அதைத் தலையில மாட்டினதுமே குமட்டுச்சு.

பெருமாநல்லூர் ரோட்டுல கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தோம். இறங்கினதும், "எப்படி இருக்குதுங்க?"ன்னார். வேற வண்டி பாக்கலாமேன்னேன். சிரிச்சுட்டு, "பழகிருமுங்க"ன்னார்.

வீட்டுக்கு வந்து தலைக்குக் குளிச்சேன். சாயங்காலம் மறுபடி குளிச்சேன். சளி அதனாலதான்.

எனக்கு அந்த வண்டி பிடிக்கலைண்ணா. வேற மாடல் எடுக்கச் சொல்லி நீ அவருக்கு ஒரு வரி எழுதேன். நீ சொன்னா கேப்பார்.

உடம்பைப் பாத்துக்கோ.
கிருத்திகா


29-9-2024

அம்மிணி,

மூச்சு இப்பப் பரவாயில்லை. மூக்குத் தோல்தான் உரிஞ்சு உரிஞ்சு வருது, பாத்தா பயந்துருவே. நான் இருக்கற இடத்தை எழுதக் கூடாது. ஆனா காலையில லாரிக்குக் கீழே நெருப்பு மூட்டித்தான் டீசலை இளக்கறோம்னு எழுதலாம்னு நினைக்கறேன். அம்மாகிட்ட உப்பைக் குறைக்கச் சொல்லு, கால் தானா சரியாகும். உன் சளிக்கு மிளகு ரசம் குடி.

உன் கடிதத்தை எங்க பேரக்ஸ்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். மணைப்பலகைங்கற இடத்துல சிரி சிரின்னு சிரிச்சாங்க. அம்மிணி, அது உக்காந்து ஊருக்குப் போற வண்டி இல்லை. காத்தைக் கிழிச்சுட்டுப் போறதுக்குன்னே அப்படிப் பண்றாங்க. பாலிடெக்னிக்ல நானும் முருகேஷும் மூணு வருஷம் ஒரே பெஞ்சு. அப்பவே அந்த வண்டிப் படத்தை நோட்டு அட்டையில ஒட்டி வெச்சிருந்தவன். அதை வாங்காதேன்னு நான் எழுதினா என்னை மனுஷனாவே மதிக்க மாட்டான்!

கொஞ்ச நாள் அனுசரிச்சுப் போ. குழந்தை குட்டின்னு ஆனா அவனே வித்துட்டு ஸ்கூட்டர் வாங்கிருவான்.

அம்மாவைக் கேட்டேன்னு சொல்லு.
வேல்குமார்


போயம்பாளையம்
16-10-2024

அண்ணா,

நாங்க நல்லா இருக்கோம். சளி போயிருச்சு. உன் மூக்குக்குத் தேங்காய் எண்ணெய் தடவறியா? அங்க அது உறைஞ்சு கிடக்கும், இருந்தாலும் கையில சூடு பண்ணித் தடவு.

ஆயுத பூஜைக்கு முருகேஷ் வண்டியை எடுத்துட்டார். எலுமிச்சம்பழத்து மேல சக்கரத்தை ஏத்தி, நெருப்பெரிச்சல்ல அவங்க நிட்டிங் யூனிட் முன்னாடி நிறுத்தி எல்லாருக்கும் பொரி குடுத்தாங்களாம். மூணு நாள் கழிச்சு சாயங்காலம் எங்க பனியன் கம்பெனி வாசல்ல வந்து நின்னார். செக்கிங் செக்‌ஷன் பொண்ணுங்க எல்லாரும் பாத்துட்டு நிக்கறாங்க, ஏற மாட்டேன்னு சொல்ல முடியலை. ஸ்கூட்டியை அங்கேயே விட்டுட்டு ஏறினேன்.

டிபன் பையை நடுவுல வெச்சுக்கிட்டேன். போயம்பாளையம் பிரிவு தாண்டினதும் நிறுத்தி, "பை குத்துதுங்க, இங்க குடுங்க"ன்னு வாங்கி டேங்க் மேல வெச்சுக்கிட்டார்.

நீ வண்டி மெக்கானிக்தானே, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். அந்த வண்டி பிரேக் பிடிச்சா ஒரேயடியா நிக்குது. பள்ளம், குழி, முன்னாடி ஆள், மாடு எதுவுமே இல்லாத இடத்துலயும் நிக்குது. பின்னாடி இருக்கறவங்க முன்னாடி வந்து விழணும். எதுக்கு இப்படின்னு கேட்டேன். "புது வண்டி அப்படித்தானுங்க பிடிக்கும், போகப் போக சரியாகிரும்"னார். மெதுவாப் போங்கன்னு சொன்னா, அதுக்கப்புறம் இன்னும் அதிகமாப் பிடிக்குது.

புது வண்டி அப்படிப் பிடிக்குமா? நல்லா யோசிச்சு எழுது. தீபாவளிக்குள்ள பதில் வந்தா நல்லது. தீபாவளிக்கு அவர் என்னைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு அம்மாகிட்ட சொல்லியிருக்கார்.

கிருத்திகா


6-11-2024

அம்மிணி,

எல்லாரும் சுகமா? தீபாவளிக்கு எங்களுக்கு டின்ல அடைச்ச ரசகுல்லா வந்துச்சு, சுத்தியல் வெச்சு உடைச்சுத் தின்னோம். உன் கடிதம் தீபாவளி முடிஞ்சுதான் கையில கிடைச்சுது.

கேட்டியே, ஒரு நல்ல கேள்வி. நம்ம வீட்டுல இப்படிக் கேக்கறதுக்கு ஆள் இருக்கேன்னு சந்தோஷம். மெக்கானிக்கா சொல்றேன், கேட்டுக்கோ. புது வண்டியில பிரேக் கம்மியாத்தான் பிடிக்கும், அதிகமாப் பிடிக்காது. டிஸ்க்கும் பிரேக் கட்டையும் ஒண்ணோட ஒண்ணு தேஞ்சு உக்காரக் கொஞ்ச நாள் ஆகும். அதுக்கப்புறம்தான் கடிச்சுப் பிடிக்கும். அந்த மாதிரி வண்டிகள்ல ரெண்டு விரலால தொட்டா மெத்துன்னு நிக்கும், அவ்வளவு அருமையா இருக்கும். தூக்கிப் போடுதுன்னா ஒண்ணு டிஸ்க் வளைஞ்சிருக்கணும். இல்லைன்னா ஓட்டறவன் கை சரியில்லை. முருகேஷுக்கு ஓட்டத் தெரியலைன்னு அர்த்தம்! நான் சொன்னேன்னு அவன்கிட்டயே சொல்லு, மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாத்து எழுது.

சந்தேகமா இருந்தா நீயே ஒரு நாள் ஓட்டிப் பாரேன். கியர் வண்டி லைசென்ஸ் வெச்சுக்கிட்டு ஸ்கூட்டியைத் தள்ளிட்டுத் திரியறே.

தீபாவளிக்குக் கோயிலுக்குப் போனீங்களா? அதை எழுதவே இல்லையே?

வேல்குமார்


போயம்பாளையம்
25-11-2024

அண்ணா,

அம்மாவுக்கு உடம்பு தேவலை. குளிர் இன்னும் ஏறியிருக்கும்னு டிவியில சொன்னாங்க, ரெண்டு சாக்ஸ் போட்டுக்கோ.

தீபாவளிக்குக் கோயிலுக்குப் போனோம். போகும்போதும் பின்னாடிதான் உக்காந்தேன், வரும்போதும். அதுக்கு மேல எழுத ஒண்ணுமில்லை.

நீ சொன்ன மாதிரியே நேத்து ஷோரூமுக்குப் போய் அதே மாடல் வண்டியை ஓட்டிப் பாத்தேன். எங்க செக்‌ஷன் சூப்பர்வைசர் கலைமகள் அக்காவைத் துணைக்குக் கூட்டிட்டுப் போனேன். நாப்பத்தஞ்சு வயசுல சேலையில அதுல ஏற முடியாதேன்னு, அவங்க பொண்ணோட சுடிதாரை இழுத்து மாட்டிட்டு வந்தாங்க. ஷோரூம் பையன் எங்க ரெண்டு பேரையும் மேலயும் கீழயும் பாத்துட்டு, "சாருக்கு சர்ப்ரைஸ் குடுக்கறீங்களா மேடம்?"னான். எனக்குத்தான்னேன். "இது கியர் வண்டிங்க மேடம்"னான். லைசென்ஸைக் காட்டினேன். அப்பவும் சாவியைக் குடுக்க மனசில்லை. கலைமகள் அக்கா, "தம்பி, நாங்க ரெண்டு பேரும் மாசச் சம்பளம் வாங்கறவங்க, தரையில உக்காந்து பிச்சை எடுக்கலை. சாவியைக் குடு"ன்னாங்க. குடுத்தான்.

ஏறி உக்காந்ததும் யாரையோ கும்பிட்டு விழற மாதிரி இருந்துச்சு. உடம்புக் கனமெல்லாம் மணிக்கட்டுல இறங்குது. கால் பின்னாடி போய் மடங்கிக்குது. முதல் தடவை கிளட்சை விட்டப்ப என்ஜின் நின்னு போச்சு, ரெண்டாவது தடவையும் நின்னுச்சு. ஷோரூம் பையன் கண்ணாடிக்கு உள்ளே இருந்து சிரிச்சான். மூணாவது தடவை நகர்ந்துச்சு. யூ டர்ன் போடும்போது ஹேண்டில் பாதிதான் திரும்புது, கட்டைவிரல் டேங்க்ல மாட்டிக்குது. என்ஜின் சூடு முழங்காலைப் பொசுக்குது. ஆனா ரோடு காலியானதும் மூணாவது கியர் போட்டேன் பாரு, அப்ப ஒரு நிமிஷம் எனக்கு அந்த வண்டியைப் பிடிச்சுப் போச்சுண்ணா. பொய் சொல்லலை. நல்லா ஓடுது. அதை நினைச்சா இன்னும் ஆத்திரமா வருது.

அப்புறம் பிரேக் பிடிச்சுப் பாத்தேன். ரெண்டு விரல்ல தொட்டேன். நீ எழுதின மாதிரியே மெத்துன்னு நின்னுச்சு. மறுபடி வேகம் எடுத்து, கொஞ்சம் அழுத்திப் பிடிச்சேன். அப்பவும் பின்னாடி உக்காந்திருந்த அக்கா அசையலை. டிஸ்க் வளைஞ்சிருக்குமோன்னு நான் எத்தனை நாள் சாமியை வேண்டியிருக்கேன் தெரியுமா. அப்படி இருந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்.

கடைசியா, "அக்கா, கெட்டியாப் பிடிச்சுக்குங்க"ன்னு சொல்லிட்டு, அவர் பிடிக்கற மாதிரி பிடிச்சேன். அப்படிப் பிடிக்கணும்னா கை முழுசையும் வெச்சு, வேணும்னே இறுக்கணும். அக்கா அப்படியே என் முதுகு மேல வந்து விழுந்தாங்க. வண்டியை ஓரமா நிறுத்தினேன். அக்கா இறங்கி சுடிதாரை இழுத்து விட்டுக்கிட்டாங்க.

"இப்படியா பிடிப்பான்?"

"ஆமாங்கக்கா."

"ரோட்டுல ஆள் இல்லாதப்பவா?"

"ஆள் இல்லாதப்பத்தானுங்க."

அக்கா ரோட்டோரமாத் திரும்பிக் காறித் துப்பினாங்க.

வண்டியில ஒரு குறையும் இல்லைண்ணா. நீ மெக்கானிக், மிச்சத்தை நான் எழுத வேண்டியதில்லை. எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். அம்மாகிட்டயும் பெரியப்பாகிட்டயும் நீ சொல்லு. என் வாயால என்னால அதைச் சொல்ல முடியலை.

கிருத்திகா


14-12-2024

அம்மிணி,

நான் நல்லா இருக்கேன். நீ எழுதினதையும் படிச்சேன், எழுதாம விட்டதும் புரிஞ்சுது.

முருகேஷ் கெட்டவன் இல்லை. எனக்கு அவனை எட்டு வருஷமாத் தெரியும். குடி கிடையாது, சிகரெட் கிடையாது, யூனிட்டை ஒத்தை ஆளாப் பாத்துக்கறான். நிச்சயம் ஆன பொண்ணுதானேங்கற உரிமையில கொஞ்சம் விளையாடியிருக்கான். பசங்க எல்லாரும் பண்றதுதான். கல்யாணம் வரைக்கும் பொறுக்கலை பாருன்னு நினைச்சா எனக்குச் சிரிப்புத்தான் வருது. இதுக்காக ஷோரூம் வரைக்கும் போய், கலைமகள் அக்காவையும் கூட்டிட்டுப் போய்... வெளியே தெரிஞ்சா நம்மளைத்தான் சிரிப்பாங்க.

மண்டபம் சொல்லியாச்சு, பத்திரிகை அடிக்கப் போறாங்க. பெரியப்பா மூஞ்சியை நினைச்சுப் பாரு. மனசுல வெச்சுக்காதே. பழகிரும்.

வேல்குமார்


30-12-2024

வேல்குமாருக்கு,

அண்ணான்னு எழுதக் கை வரலை.

தீபாவளி அன்னைக்கு நான் பட்டுச் சேலையைத் தவிர்த்துட்டு, துப்பட்டாவை நாலா மடிச்சு முன்னாடி குத்திக்கிட்டுப் போனேன். சீட்டுல எவ்வளவு பின்னாடி நகர முடியுமோ அவ்வளவு நகர்ந்தேன். நகர்ந்தா, கீழே விழற மாதிரி வெடுக்குனு வண்டியை எடுத்தான். பயந்து தோளைப் பிடிச்சேன். உடனே பிரேக். "ஏனுங்க, பயந்துட்டீங்களா? நல்லாப் புடிச்சுக்குங்க"ன்னான். வாங்க போங்கன்னு அத்தனை மரியாதையாப் பேசிட்டே பண்ணினான். வண்டிக் கண்ணாடியில அவன் மூஞ்சி எனக்குத் தெரியும். சிரிச்சுட்டு இருந்தான். வேண்டாம்னு சொன்னப்பவும் சிரிச்சான். கோயில் வாசல்ல இறங்கி, அதே கையால எனக்குத் திருநீறு நீட்டினான்.

நான் சாமி முன்னாடி நின்னு வாந்தி வரக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். கல்யாணம் நல்லபடியா நடக்கணும்னு வேண்டறேன்னு அம்மா நினைச்சுது.

உனக்குச் சிரிப்பு வந்துச்சுன்னு எழுதியிருக்கே. அந்தக் கடிதத்தைப் படிச்சப்ப எனக்குக் கண்ணாடியில தெரிஞ்ச மூஞ்சிதான் தெரிஞ்சுது. பழகிரும்னு அவன் சொன்னதையே நீயும் சொல்றே. உங்க ரெண்டு பேருக்கும் ஒரே வாத்தியார்தானே.

அதைக் கிழிச்சுப் போடலை. பத்திரமா வெச்சிருக்கேன். நாளைக்கு உனக்கு ஒரு பொண்ணு பிறந்து, அவ பெரியவளானா படிக்கக் குடுப்பேன்.

கிருத்திகா


போயம்பாளையம்
19-1-2025

சாமி வேலு,

நல்லாருக்கியா கண்ணு. குளுரு தாங்குதா. பொங்கலுக்கு உனக்குன்னு ஒரு இலை போட்டுத்தான் படைச்சேன். நான் லெட்டர் எழுதி எத்தனையோ வருசமாச்சு, தப்பு இருந்தா கூட்டிப் படிச்சுக்கோ. அவ ராத்திரி ஒரு தோசையோட எந்திரிச்சர்றா. கேட்டா பசிக்கிலைங்கறா.

கண்ணாலம் வேண்டாம்னு மார்கழி மாசத்துல இருந்தே சொல்லீட்டு இருக்கறா. ஏன்னு கேட்டா அவரு வண்டி ஓட்டறது சரியில்லைங்கறா. வண்டி ஓட்டறதுக்காவக் கண்ணாலத்தை நிறுத்துனவ ஊர்ல உண்டான்னு நானும் வஞ்சேன். ரெண்டு நாளு பேசாமயும் இருந்தேன். அதை நெனச்சா இப்ப நெஞ்சு வலிக்குது.

பொங்கல் கழிச்சு மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வந்தாங்க. அர்த்தநாரியண்ணனும் அவரு சம்சாரமும் ஆட்டோவுல வந்தாங்க, பையன் அந்த வண்டியில வந்தான். உங்க பெரியப்பனும் வெள்ளகோவில்ல இருந்து வந்திருந்தாரு. அர்த்தநாரியண்ணன் நல்ல மனுசன். உக்காந்ததும், "ஏனுங்க அம்மிணி, எங்க பையன்மேல என்னங்க கொறை?"ன்னு நேராக் கேட்டுட்டாரு.

இவ கதவோரம் நின்னுட்டு, "பின்னாடி உக்காந்தாத் தூக்கி முன்னாடி போடுதுங்க மாமா. கேட்டா, புது வண்டி அப்படித்தான் பிடிக்குமுங்கறாரு"ன்னா.

"என்றா, அப்படியா?"ன்னு பையனைப் பாத்தாரு.

"ஆமாங்கப்பா. புது வண்டியில அப்படித்தான்"னு அவன் சொன்னான்.

"அப்ப நீங்க ஒருக்கா பின்னாடி உக்காந்து போயிட்டு வாங்க மாமா. உங்களுக்கும் அப்படிப் பிடிச்சுதுன்னா நான் மறுபேச்சுப் பேசலீங்க. மாசியிலயே வெச்சுக்கலாம்"னா.

எல்லாரும் சிரிச்சாங்க சாமி. உங்க பெரியப்பன், சின்னப்புள்ள வெளையாட்டுன்னு தொடையைத் தட்டுனாரு. அர்த்தநாரியண்ணன் சந்தோசமா எந்திரிச்சு வேட்டியை மடிச்சுக் கட்டுனாரு. முக்காலி போட்டுத்தான் அவரை மேல ஏத்துனோம். பையன் மொகத்துல மட்டும் சிரிப்பில்லை. நான் அதை அப்பக் கவனிச்சேன், ஆனா வெளங்கலை.

பெருமாநல்லூர் ரோடு வரைக்கும் போயிட்டு வந்தாங்க. எறங்கும்போதே அண்ணன் வாயெல்லாம் பல்லு. "அருமையான வண்டிங்க! பிரேக்கு பஞ்சாட்டம் இருக்குது. பள்ளத்துல கூட மெதுவாத்தான் புடிச்சான். ஒரு குலுக்கல் இல்லீங்க. அம்மிணி வீணா பயந்துக்குது"ன்னாரு.

"அப்படீங்களா மாமா"ன்னா இவ.

அண்ணன் சிரிச்ச மொகம் அப்படியே நின்னு போச்சு. பையனைத் திரும்பிப் பாத்தாரு. அவன் சாவியைப் பாத்துட்டு நின்னான். அவரு சம்சாரம் எந்திரிச்சு சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கிச்சு.

எனக்கு அப்பத்தான் வெளங்குச்சு. டவுன் பஸ்ஸுல வருசக்கணக்கா பனியன் கம்பெனிக்குப் போயிட்டு வந்தவ நான். எனக்கு வெளங்காம வேற யாருக்கு வெளங்கும்? கையில காப்பித் தட்டு இருந்துச்சு. அதை அவனுக்கு நீட்ட முடியலை சாமி. கம்பளிப்பூச்சி மேல ஊர்ற மாதிரி இருந்துச்சு. திருப்பி உள்ள கொண்டுபோயி அத்தனையும் தொட்டியில ஊத்திட்டேன்.

அண்ணன் தெருவுக்குப் போயி ஆட்டோவைக் கைகாட்டுனாரு. பையன் தனியாத்தான் வண்டியில போனான்.

அத்தோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன். உங்க பெரியப்பன் விடலை. "கட்டிக்கப் போறவன் கொஞ்சம் வெளையாடுனா அதுக்குப் பஞ்சாயத்தா? சம்பாரிக்கற திமிரு"ன்னு கத்துனாரு. இப்ப சொந்தக்காரங்க ஊட்டுக்கெல்லாம் போயி, இவளுக்குக் கம்பெனியில எவனோ இருக்கறான்னு பேசிட்டுத் திரியறாரு. அது இவ காதுக்கும் வந்துருச்சு. எப்பவும் போல வேலைக்குப் போயிட்டு வந்துட்டு இருக்கறா.

உனக்கு முன்னாடியே எழுதினாளாமே. அப்பறம் நீ லெட்டரே போடலையாமே. ஏன் சாமி?

அம்மா
மருதம்மாள்


8-2-2025

பெரியப்பாவுக்கு,

வணக்கம். பெரியம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆச்சுன்னு கேள்விப்பட்டேன், கட்டு பிரிச்சாச்சுங்களா? நீங்க மாத்திரையை விடாம சாப்பிடுங்க. நான் நல்லா இருக்கேன். பனியில ரோடு மூடி, ஒரு மாசக் கடிதமெல்லாம் ஒரே நாள்ல எங்க கைக்கு வந்துச்சு. தங்கச்சி கடிதமும் அம்மா கடிதமும் ஒண்ணா வந்துச்சு.

அப்பா போனதுக்கப்புறம் எங்களுக்கு எல்லாம் நீங்கதான். உங்களை எதிர்த்து நான் பேசினதில்லை. இன்னைக்கும் எதிர்த்துப் பேசலைங்க. ஆனா எல்லாரும் வண்டி, பிரேக், குலுக்கல்னே பேசிட்டு இருக்கோம். யாரும் சொல்லாததை நான் எழுதறேன்.

கிருத்திகாவோட நெஞ்சு அவன் முதுகுல வந்து மோதணும்னுதான் முருகேஷ் அப்படி பிரேக் பிடிச்சான். தெரியாமப் பண்ணலை, ஒரு தடவை பண்ணினதும் இல்லை. அவ மெதுவாப் போகச் சொன்னா. நடுவுல பையை வெச்சா. பையை வாங்கிக்கிட்டுப் பண்ணினான். நகர்ந்து உக்காந்தா. நகர முடியாம வண்டியை இழுத்துப் பண்ணினான். கோயிலுக்குப் போற வழியிலயும் பண்ணினான். நீங்க பின்னாடி உக்காந்திருந்தா பண்ண மாட்டான், அவங்க அப்பா உக்காந்தப்பவும் பண்ணலை.

பஸ்ல எவனோ ஒருத்தன் நம்ம வீட்டுப் பொண்ணை இப்படி இடிச்சிருந்தா, நீங்களும் நானும் அவனைக் கீழே இழுத்துப் போட்டு மிதிச்சிருப்போம். வெத்தலை பாக்கு மாத்தினவன்ங்கறதால விளையாட்டுங்கறோம். வெத்தலை பாக்கு மாத்தினா பொண்ணு வேண்டாம்னு சொல்றது காதுல விழாமப் போயிருமாங்க?

நானும் உங்களை மாதிரிதான் பேசினேன். அவ எனக்குத்தான் முதல்ல எழுதினா, சிரிப்பு வருதுன்னு பதில் போட்டேன். அதுக்கு அவ எழுதினதைப் படிச்சதுல இருந்து எனக்குச் சோறு இறங்கலை. என்னை நினைச்சாலே அருவருப்பா இருக்கு. லீவு போட்டு வந்து அவன் கையை ஒடிக்கலாம்னு பாத்தேன். அது எனக்குத்தான் ஆறுதல், அவளுக்கு ஒண்ணுமில்லை.

அதனால உங்ககிட்ட கேக்கறேன். நிச்சயப் புடவையையும் மோதிரத்தையும் நீங்களே கொண்டுபோய்த் திருப்பிக் குடுங்க. எந்தெந்த வீட்டுல அவளைப் பத்திப் பேசினீங்களோ, அந்தந்த வீட்டுல போய் இந்தக் கடிதத்தைப் படிச்சுக் காட்டுங்க. அவளுக்கும் இதை ஒரு நகல் எழுதி அனுப்பறேன். தனியா எழுத எனக்கு மூஞ்சி இல்லை.

உங்கள் தம்பி மகன்
வேல்குமார்


போயம்பாளையம்
2-3-2025

அண்ணா,

அம்மா நல்லா இருக்கு. நானும் இப்ப ஒழுங்காச் சாப்பிடறேன். நீ சாப்பிடறியா?

பெரியப்பா போன வியாழக்கிழமை வந்தார். உள்ளே வராம வாசல்லயே நின்னுட்டு, "அந்தப் புடவை, மோதிரத்தை எடுத்துட்டு வா"ன்னார். அம்மா ஒரு கட்டைப்பையில போட்டுக் குடுத்துச்சு. பஸ்ஸேறி நெருப்பெரிச்சலுக்குப் போய்க் குடுத்துட்டு மத்தியானம் திரும்பி வந்தார். யூனிட்ல அர்த்தநாரி மாமா மட்டும் இருந்தாராம். பையை வாங்கிப் பிரிக்காம மேஜைக்கு அடியில வெச்சுக்கிட்டு, "என்ற சொந்தப் பொண்ணா இருந்தா நானும் இதைத்தான் செஞ்சிருப்பேன்னு சொல்ல ஆசையாத்தான் இருக்குதுங்க. செஞ்சிருப்பனான்னு தெரியலை"ன்னாராம்.

பெரியப்பா என்கிட்ட தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லலை. தண்ணி கேட்டார், குடுத்தேன். குடிச்சுட்டு, "ரெண்டு ஊட்டுல படிச்சுக் காட்டினேன். மூணாவது ஊட்டுல வாயே வரலை. லெட்டரை அவங்க கையில குடுத்துட்டு வெளியே நின்னுக்கிட்டேன்"னார். அவர் அழுவாரோன்னு எனக்கு பயமாப் போச்சு. அழலை. சில வீடுகள்ல இன்னும் என்னைப் பத்திப் பேசத்தான் செய்வாங்க. பேசட்டும்.

முருகேஷை ஒரு தடவை சிக்னல்ல பாத்தேன். நான் ஸ்கூட்டியில இருந்தேன். என்னைப் பாத்ததும் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கிட்டான். பச்சை விழுந்ததும் நான் கிளம்பிட்டேன்.

நீ பெரியப்பாவுக்கு எழுதினதை நாலஞ்சு தடவை படிச்சேன். நெஞ்சுன்னு பச்சையா எழுதியிருக்கே. அந்த ஒரு வார்த்தை எனக்குக் கடைசி வரைக்கும் எழுத வரலைண்ணா. அதை வேற ஒருத்தர் எழுதிப் பாக்கணும்னுதான் இத்தனை கடிதம் போட்டேன்னு இப்பத் தோணுது.

கோபம் இன்னும் இருக்கு. ஆனா உன் கையெழுத்தைப் பாத்தா இப்பக் குமட்டலை. அதனாலதான் இதை எழுதறேன். பெரியப்பாவுக்கு எழுதினதோட நகல் எனக்குப் போதாது. மூஞ்சி இல்லைன்னாலும் பரவாயில்லை, எனக்குன்னு ஒரு கடிதம் எழுது.

கிருத்திகா